கருவிக்குக் குறிப்பு எழுதும் கலை

முன்னுரை

கல்லைக் கூராக்கிக் கையில் ஏந்திய நாள் முதல் மனிதன் கருவிகளின் துணைகொண்டே வளர்ந்து வந்திருக்கிறான். ஆனால் கருவி மட்டும் இருந்தால் போதுமா? அதை எப்படிப் பிடிப்பது, எங்கே பயன்படுத்துவது, எங்கே பயன்படுத்தக் கூடாது என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். தச்சர் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தை இருந்தார். பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மேஸ்திரி இருந்தார். உழவர் மகனுக்கு ஊரே இருந்தது.

இன்றோ, அருகில் நின்று சொல்லித்தர எவரும் இல்லாத புதியதொரு வேலையாள் கருவிகளைக் கையாளத் தொடங்கியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது அதன் பெயர். அதற்கு எழுத்து ஒன்றே ஆசான். அந்த எழுத்தைத் தெளிவாக எழுதுவது மிகப் பெரிய பொறுப்பு என்பதையும், அப்பொறுப்பை ஏற்கத் தகுந்தவர்கள் அரசு கலைக் கல்லூரிகளில் பயிலும் நம்மைப் போன்றோரே என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகவர் என்பது யாது?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது, கேட்ட கேள்விக்கு மனிதரைப் போல் விடை எழுதும் கணிப்பொறியைக் கண்டு உலகம் வியந்தது. ஆயினும் விடை சொல்வது வேறு, வேலை செய்வது வேறு. ‘கிடங்கில் எத்தனை பிரேக் லைனிங் இருக்கிறது?’ என்று கேட்டால், உலகத்து நூல்களையெல்லாம் கற்ற மொழி மாதிரிக்கும் அது தெரியாது. கிடங்கின் கணக்கை வைத்திருக்கும் மென்பொருளிடம்தான் அது கேட்டறிய வேண்டும். அவ்வாறு கேட்பதற்கு அமைத்துத் தரப்படும் வழியைக் கணிப்பொறித் துறையினர் கருவி என்கின்றனர். இருப்புப் பார்க்க ஒரு கருவி, மின்னஞ்சல் அனுப்ப ஒரு கருவி, பணம் திருப்பித்தர ஒரு கருவி எனப் பல உண்டு. இவற்றைத் தானே தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தி வேலையை முடிக்கும் மொழி மாதிரியையே முகவர் என்கிறோம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கருவியின் உட்புறம் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை முகவர் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், சில வரிகளில் ஒரு குறிப்பு, என்னென்ன உள்ளீடுகள் தரவேண்டும் என்ற பட்டியல் ஆகிய மூன்றே அதன் கண்ணுக்குத் தெரிபவை. அவற்றைப் படித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது, அதில் எதை நிரப்புவது என்று அது முடிவு செய்கிறது.

இது ஏதோ கடல் கடந்த நாட்டுச் செய்தி என்று எண்ணிவிட வேண்டா. கருவிகளை முகவர்களிடம் அறிமுகப்படுத்தும் பொது முறை ஒன்றை, மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பெயரில், அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. ஓராண்டுக்குள் அதனை ஓப்பன்ஏஐ, கூகுள் போன்ற போட்டி நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. 2025 ஜூலையில், நம் மறைமலை நகருக்கு வடக்கே ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரியை ஒட்டி வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம், ஜியா என்னும் சொந்த மொழி மாதிரியையும், தன் மென்பொருள்களை முகவர்கள் பயன்படுத்துவதற்கு இதே முறையிலான வசதியையும் அறிவித்தது. நாம் நாள்தோறும் மின்சார ரயிலில் கடந்து செல்லும் இடத்திலேயே இவ்வேலை நடைபெறுகிறது.

குறிப்பே கண்

ஒரகடத்தில் உதிரிபாகக் கிடங்கு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் கணிப்பொறியில் ‘சரக்கு’ என்றொரு கருவி. ‘சரக்கு விவரம் தரும்’ என்பது அதற்கு எழுதப்பட்ட குறிப்பு. எழுதியவருக்கு இது போதும், ஏனெனில் மீதியெல்லாம் அவர் மனத்தில் இருக்கிறது. முகவருக்கோ ஆயிரம் ஐயங்கள். எந்தக் கிடங்கின் சரக்கு? பாகத்தின் பெயரைத் தருவதா, எண்ணைத் தருவதா? வரும் விடை பெட்டிக் கணக்கா, உதிரிக் கணக்கா? இங்கே 12 என்று விடை வருகிறது. பெட்டிக்கு 50 வீதம் 600 பாகங்கள் உள்ளன என்பது உண்மை. முகவரோ 12 பாகங்களே உள்ளன என்று கொண்டு, மேலும் 500 பாகங்களுக்கு ஆணை அனுப்பிவிடுகிறது. சிறு முதலாளியின் ஒரு மாத முதல் முடங்கிப் போகிறது. ‘கணிப்பொறி தவறு செய்துவிட்டது’ என்று எல்லாரும் சொல்வர். உண்மையில் தவறு செய்தது அந்த ஒரு வரிக் குறிப்பே.

அதே கருவிக்கு ‘ஒரகடம் கிடங்கு இருப்பு காண்’ என்று பெயரிட்டு இவ்வாறு எழுதிப் பார்ப்போம்: “பாக எண்ணைக் கொடுத்தால், அந்தப் பாகம் ஒரகடம் கிடங்கில் இப்போது எத்தனை பெட்டி உள்ளது என்பதையும், ஒரு பெட்டியில் எத்தனை பாகம் என்பதையும் தரும். பாகத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் ‘பாக எண் தேடு’ கருவியைப் பயன்படுத்துக. பிற கிடங்குகளின் இருப்பை இது காட்டாது. இது பார்வைக்கு மட்டுமே. கணக்கில் எந்த மாற்றமும் செய்யாது.” என்ன தரும், எந்த அளவில் தரும், எப்போது வேறு கருவியை நாட வேண்டும், எதைத் தராது, ஏதேனும் கேடு உண்டா என்ற ஐந்து வினாக்களுக்கும் ஐந்தே வாக்கியங்களில் விடை வந்துவிட்டது. இதற்கு மேதைமை வேண்டியதில்லை. படிப்பவர் நிலையில் தம்மை வைத்துப் பார்க்கும் பொறுமையே வேண்டும்.

இதனைக் கற்பனை என்று எண்ணுவோர் உண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கேட்க. இந்தியாவில் இணையவழிப் பணம் பெற்றுத்தரும் ரேசர்பே நிறுவனத்தின் மென்பொருள் இடைமுகம், தொகையைப் பைசாவில் கேட்கிறது. 500 ரூபாய் பெற 50000 என்று எழுத வேண்டும். அந்நிறுவனத்தின் ஆவணங்கள் இதனைத் தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் அதன்மேல் வேறொருவர் ஒரு கருவியை அமைத்து, ‘தொகை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டால், முகவர் 500 என்று எழுதி ஐந்து ரூபாய்தான் வாங்கும். ‘பைசாவில்’ என்னும் ஒரு சொல் இல்லாமையால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தொலைந்து போகும்.

அலகைப் பற்றிய இந்தப் பிழை விண்வெளியிலும் நேர்ந்திருக்கிறது. செவ்வாய்க் கோளை ஆராய நாசா அனுப்பிய கலம் ஒன்று 1999 செப்டம்பர் 23 அன்று அக்கோளை நெருங்கிய வேளையில் அழிந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் விசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது; அதை வாங்கிய மற்றொன்று மெட்ரிக் அலகு என்று எண்ணிக் கணக்கிட்டது.  இடையில் நின்ற அலகுதான் தவறியது.

இன்னொரு செய்தி. ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் மொழி மாதிரிக்கு இணையத்தில் தேடும் கருவியைத் தந்தபோது, அது தேவையின்றித் தேடு சொற்களோடு 2025 என்ற ஆண்டையும் சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் தேடலின் தரம் குறைந்தது. கருவியின் குறிப்பைத் திருத்தி எழுதி இதனைச் சரிசெய்ததாக அந்நிறுவனமே 2025-இல் எழுதியுள்ளது. நோய் நடத்தையில் தெரிந்தது. மருந்து சொல்லில் இருந்தது.

நன்னூலார் காட்டும் வழி

அப்படியாயின் நல்ல குறிப்பை எழுதுவதற்கு இலக்கணம் உண்டா? உண்டு. அதற்காக நாம் கலிபோர்னியா வரை செல்ல வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளின்படி நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பாயிரத்திலேயே ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும், இருக்கவேண்டிய அழகுகள் பத்தையும் வகுத்து வைத்தார். தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடும் பகுதி அது. அதனைக் கருவிக் குறிப்புகளோடு பொருத்திப் பார்த்தால் வியப்பே மேலிடுகிறது.

மேலே கண்ட ‘சரக்கு விவரம் தரும்’ என்பது குன்றக் கூறல் என்னும் குற்றம். தேவையானதைச் சொல்லாமல் விட்ட குறை அது. அதற்கு அஞ்சி, கருவி பிறந்த வரலாறு முதல் அதனை எழுதியவர் பெருமை வரை பக்கம் பக்கமாக எழுதினால் மிகைபடக் கூறல் ஆகிவிடும். முகவர் ஒரே நேரத்தில் மனத்தில் கொள்ளக்கூடிய எழுத்துக்கு அளவு உண்டு. நூறு கருவிகளின் நீண்ட குறிப்புகளே அந்த இடத்தை அடைத்துக்கொண்டால், செய்ய வேண்டிய வேலைக்கு இடம் சுருங்கும், செலவும் கூடும்.

குறிப்பில் ‘நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதி தருக’ என்று எழுதிவிட்டு, எடுத்துக்காட்டில் மாதத்தை முன்னே வைத்தால் அது மாறுகொளக் கூறல். 03-04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? ‘எண்’ என்று மட்டும் எழுதி, அது ஆணை எண்ணா, தொலைபேசி எண்ணா, வாடிக்கையாளர் எண்ணா என்று சொல்லாமல் விடுவது மயங்க வைத்தல். ‘நீக்கு’ என்று ஒரு கருவியும் ‘ரத்து செய்’ என்று ஒரு கருவியும் இருந்து, இரண்டுக்கும் வேறுபாடு எழுதப்படாமல் இருப்பதும் அவ்வகையே. ஒன்று ஆணையை நிறுத்துகிறது, மற்றொன்று பதிவையே அழிக்கிறது எனில், அந்த மயக்கத்தின் விலை என்ன? ‘உலகத்தரம் வாய்ந்த எங்கள் சேவை’ என்று விளம்பரம் பாடுவது மற்றொன்று விரித்தல். மென்பொருள் மாறிய பின்னும் மாறாமல் நிற்கும் பழைய குறிப்பை நின்று பயன் இன்மை என்னும் குற்றத்தில் அடக்கலாம் என்பது என் கருத்து.

சுருங்கச் சொல்லுதலை அழகு என்ற அதே ஆசிரியர், விளங்க வைத்தலையும் அழகென்று அதன் அருகிலேயே வைத்தார். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடக் கூடாது என்பதே இதன் கருத்தாகும். விளங்கிய எடுத்துக்காட்டு வேண்டும் என்றும் அவர் சொன்னார். கருவிகளை எழுதும் இன்றைய பொறியாளர்களும் உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருக என்றே கூறுகின்றனர்.

பெயரிடுதலைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊருக்குப் பெயராய் அமைந்த பெரியார், வேதாசலம் என்று பிறந்தவர். தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தொடங்கியவர், வேதம் என்பதை மறை எனவும், அசலம் என்பதை மலை எனவும், சுவாமி என்பதை அடிகள் எனவும் மாற்றி மறைமலை அடிகள் ஆனார். பெயரின் ஒவ்வொரு பகுதியும் கேட்பவனுக்குப் பொருள் தரவேண்டும் என்று எண்ணியவர் பெயரால் வழங்கும் ஊரிலிருந்து, பொருள் விளங்காத பெயர்களோடு கருவிகள் வெளிவரலாமா?

தொழிற்சாலை தரும் பாடம்

தமிழ் இலக்கணம் ஒரு பக்கம் இருக்க, நம்மைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் முதல் ஒரகடத்துக் கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகள் வரை, எந்த ஆலைக்குள் சென்றாலும் வேலை செய்யும் இடந்தோறும் ஒரு தாள் தொங்குவதைக் காணலாம். எந்தப் பாகத்தை முதலில் எடுப்பது, எந்தத் திருகை எவ்வளவு இறுக்குவது, எதைச் செய்யக் கூடாது என்று படத்துடன் அதில் எழுதியிருக்கும். பழுதுபார்க்கும்போது மின்விசையைப் பூட்டி, ‘ஆள் வேலை செய்கிறார், விசையைப் போடாதீர்’ என்று அட்டை கட்டுவார்கள். அந்த அட்டையும் ஒரு கருவிக் குறிப்புத்தான். அதில் எழுத்துப் பிசகினால் போவது ஓர் உயிர்.

அவ்வாலைகளில் புழங்கும் இன்னொரு சொல் போகா யோகே. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1960-களின் தொடக்கத்தில் வளர்த்த முறை இது. ஒரு சிறிய சுவிட்சில் இரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் சில வேளைகளில் ஒன்றை மறந்துவிடுவர். ‘கவனமாக இரு’ என்று கடிந்துகொள்வதே அதுவரை வழக்கம். ஷிங்கோ, முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து ஒரு சிறு தட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் பிழை உடனே தெரிந்துவிடும். முட்டாளையும் காக்கும் முறை என்ற பொருளில் ‘பாகா யோகே’ என்று முதலில் வழங்கிய பெயர், தொழிலாளியின் மனத்தைப் புண்படுத்துகிறது என்று உணர்ந்து, கவனப் பிசகைத் தடுக்கும் முறை என்னும் பொருளில் ‘போகா யோகே’ என மாற்றப்பட்டது. பிழை செய்தவனைப் பழிப்பதை விடுத்து, பிழைக்கு இடமளித்த அமைப்பைத் திருத்துக என்பதே இதன் சாரம்.

இந்தச் சொல்லையே 2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் முகவர்களின் கருவிகளுக்கும் எடுத்தாண்டனர். அவர்களுடைய முகவர், கோப்புகளின் இருப்பிடத்தைச் சுருக்க முறையில் எழுதி, வேறிடத்திற்கு நகர்ந்தபின் தடுமாறியது. ‘அடுத்த தெரு, மூன்றாம் வீடு’ என்பது சொல்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்தது அல்லவா? எப்போதும் முழு முகவரியையே தரவேண்டும் என்று கருவியை மாற்றினார்கள், அத்தடுமாற்றம் நீங்கியது. முகவரை மாற்றவில்லை, கருவியைத்தான் மாற்றினார்கள் என்பதை நண்பர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

மறுப்பும் விடையும்

‘கணிப்பொறி நாளுக்கு நாள் அறிவு பெருகி வருகிறது, நாளை அதுவே ஊகித்துக்கொள்ளும், இத்தனை கவலை எதற்கு?’ என்று கூறுவர் சிலர். அறிவு வேறு, செய்தி வேறு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. எத்துணைப் பெரிய அறிஞரானாலும், நம் கிடங்கில் பெட்டிக்கு எத்தனை பாகம் என்பது சொல்லாமல் தெரியாது. அறிவு மிகுந்தவர் ஊகிக்கத் தொடங்கினால், அவர் ஊகம் உண்மை போலவே தோன்றும்; அதுவே பேரிடர்.

‘குறிப்பையும் கணிப்பொறியே எழுதட்டும்’ என்பர் வேறு சிலர். சொற்களைச் செப்பம் செய்ய அது உதவும், உதவியும் வருகிறது. ஆனால் எழுதப்பட வேண்டிய உண்மை களத்தில் அல்லவா இருக்கிறது! ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். நில ஆவணங்களைப் பார்த்துச் சொல்லும் முகவர் ஒன்று நாளை வருவதாகக் கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் ஒரு முதியவர் தம் நிலத்தைப் பற்றி அதனிடம் கேட்கிறார். பட்டா எண் வேறு, புல எண் வேறு, உட்பிரிவு எண் வேறு. நத்தம் நிலத்தின் பதிவு வேறு. இவ்வேறுபாடு அறியாத ஒருவர், எங்கோ ஓர் ஊரில் அமர்ந்து, ‘நில எண் தருக’ என்று குறிப்பு எழுதினால் என்ன நேரும்? பக்கத்து நிலத்தின் விவரத்தைத் தன் நிலத்தின் விவரம் என்று அம்முதியவர் நம்பிப் போவார். சென்ட் ஒன்று பொன்னாக விற்கும் இப்பகுதியில் அந்த நம்பிக்கை ஒரு குடும்பத்தையே குலைக்கவல்லது. இந்தச் சொற்களின் வேறுபாட்டை அறிந்தவர் யார்? கிராம நிர்வாக அலுவலரிடம் தாத்தாவுக்குத் துணையாகச் சென்று நின்ற நம் வகுப்பு மாணவர்களே.

குறிப்பில் தீமையும் ஒளிந்துகொள்ளும் என்பதை மறத்தல் ஆகாது. வெளியார் தந்த கருவியின் குறிப்புக்குள், பயன்படுத்துபவர் கண்ணில் படாதவாறு தீய கட்டளைகளை எழுதி, முகவரைத் தவறான வழியில் செலுத்த முடியும் என்று 2025-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினர். முகவர் எழுத்தை நம்புகிறது. ஆகவே குறிப்பை எழுதுவோர்க்குத் தெளிவு வேண்டும், அதைப் படித்துச் சோதிப்போர்க்கு விழிப்பு வேண்டும்.

நம் கடமை

மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022-இல் நின்றதை நாம் அறிவோம். ஓர் ஆலையை நம்பி, ஓர் இயந்திரத்தை நம்பி மட்டும் வாழ்வை அமைத்துக்கொள்ள இயலாது என்பதை அது இவ்வட்டாரத்துக்கு உணர்த்தியது. எந்த ஆலைக்கும் எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும் திறன் ஒன்று உண்டாயின், அது தெளிவாகச் சொல்லும் திறனே ஆகும்.

கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்க விழைகின்றேன். முதலாவது, தமிழ் வகுப்பில் நன்னூல் பாயிரம் நடத்தும்போது, பத்துக் குற்றங்களை மனப்பாடமாக எழுதச் சொல்வதோடு நில்லாமல், ஒரு கருவிக்கோ படிவத்துக்கோ குறிப்பு எழுதச் செய்து, அதில் எந்தக் குற்றம் உள்ளது என்று மாணவர்களே திருத்தும் பயிற்சியைத் தருக.

இரண்டாவது, தமிழ்த் துறையும் கணிப்பொறித் துறையும் இணைந்து ஆண்டுக்கு ஒரு முறை ஒரு போட்டி நடத்தலாம். ஒருவர் குறிப்பு எழுத வேண்டும். அக்கருவியை முன்பின் அறியாத பிறிதொரு துறை மாணவர், எழுதியதை மட்டும் படித்து, எழுதாத எதையும் ஊகிக்காமல் வேலையைச் செய்ய வேண்டும். எங்கே அவர் கை நிற்கிறதோ அங்கே குறிப்பில் குறை என்று அறிக. இதற்குக் கணிப்பொறியும் வேண்டா, மின்சாரமும் வேண்டா.

மூன்றாவது, இவ்வட்டாரத்து ஆலைகளிலும் கிடங்குகளிலும் அலுவலகங்களிலும் மக்கள் வழங்கும் சொற்களை, ஒரு சொல் எதைக் குறிக்கும், எதைக் குறிக்காது என்ற விளக்கத்துடன் தொகுத்து வைப்போம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கும் அது பயன்படும். நாளைய முகவர்களுக்கும் அதுவே அகராதியாகும்.

ஆங்கிலம் தெரியாதே என்று தயங்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்று பெரும்பாலான குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுவது உண்மையே. அந்த ஆங்கிலம் எளிய ஆங்கிலம். முயன்றால் ஓராண்டில் கைவரும். எதைச் சொல்வது, எதை விடுவது, எந்த இடத்தில் படிப்பவன் தடுமாறுவான் என்று காணும் கண் ஓராண்டில் வருவதன்று. தாய்மொழியில் அந்தக் கண் திறந்தவனுக்கு எந்த மொழியிலும் அது மூடாது.

முடிவுரை

முகவர்கள் பெருகும் காலம் வந்துவிட்டது. அவை நம் கிடங்குகளைப் பார்க்கும், பணத்தை அனுப்பும், நிலத்தைப் பற்றிச் சொல்லும். அவை செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் எவரோ ஒருவர் எழுதிய நான்கு வரிகள் இருக்கும். அந்த நான்கு வரிகளை அவசரத்தில் எழுதி முடித்தவர் தூங்கப் போய்விடுவார். அவற்றின் விளைவைச் சுமப்பவர் வேறெங்கோ விழித்திருப்பார். சொல்லுக்குப் பொறுப்பேற்றுப் பழகிய மொழி நம்முடையது. அப்பழக்கத்தைப் புதிய களத்துக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பை இக்கல்லூரி மாணவ மாணவியர் ஏற்பராக என வேண்டி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.